இலவசமாகக் கொடுத்தவரை ஏசலாமா?



2016ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களைச் சிலாங்கூர் மக்கள் அவ்வளவு சுலபத்தில் மறந்திருக்க மாட்டார்கள். ஆற்று நீரில் துர்நாற்றம் வீசியதால் செமினி சுத்திகரிப்பு நிலையம் ஒருமுறை அல்ல, பலமுறை மூடப்பட்டது. உலு லங்காட், சிப்பாங், கோல லங்காட், பெட்டாலிங் என்று மாவட்டம் மாவட்டமாகக் குழாய்கள் வறண்டன. வாளியும் குடமுமாக மக்கள் தண்ணீர் லோரிக்குக் காத்துக் கிடந்தார்கள். செமினியில் அப்படியொரு நிலையம் இருக்கிறது, அங்கிருந்துதான் தங்கள் வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் வருகிறது என்பதே பலருக்கு அன்றுதான் தெரிய வந்தது. தண்ணீர் ஒழுங்காக வரும்போது அது எங்கிருந்து வருகிறது என்று யார் கேட்கிறார்கள்?

கணினி உலகத்திலும் இப்படி ஆற்றின் மேல்பக்கம் ஒன்று இருக்கிறது. உங்கள் கைத்தொலைபேசி, வங்கிக் கணக்கைப் பார்க்கும் செயலி, மருத்துவமனையின் பதிவு ஏடு, விமான டிக்கெட் எடுக்கும் அகப்பக்கம் ஆகிய எல்லாவற்றுக்கும் அடியில் சில மென்பொருள்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை எந்தக் கம்பெனியும் விற்பதில்லை. யாரோ சிலர் தங்கள் ஓய்வு நேரத்தில் எழுதி, மூல நிரலையும் திறந்து வைத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்று உலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். இதைத்தான் திறந்த மூல மென்பொருள் என்கிறோம். நம் அரசாங்கமே 2004ஆம் ஆண்டில் பொதுத்துறை அலுவலகங்களுக்காக ஒரு திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்தது. ஆகவே இது எங்கோ இருக்கும் கணினிப் பித்தர்களின் சமாச்சாரம் அல்ல.

அந்தச் சிலரை உலகம் எப்படி நடத்துகிறது? தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, உப்புப் போதவில்லை என்று ஊற்றிக் கொடுத்தவரின் முகத்தில் விட்டெறிகிற மனிதரைப் பத்துமலைத் தைப்பூசத்தில் யாரும் பார்த்திருக்க மாட்டோம். நூற்றில் ஒருவர் முணுமுணுப்பார், அவ்வளவுதான். ஆனால் மென்பொருள் பந்தலில் விட்டெறிவது தினசரி நடக்கிறது. முகம் தெரியாது என்ற தைரியம்!

ஏச்சு வாங்கியவர் மனம் வருந்துவார், பிறகு தேறிவிடுவார் என்று நினைத்தால் அது தவறு. மென்பொருளின் ஆரோக்கியமே அதனால் கெடுகிறது. அதற்கு உலகம் கண்ட மிகப் பெரிய சாட்சி 2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் 29ஆம் தேதி, பெரிய வெள்ளிக்கிழமை அன்று வெளிவந்தது. இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

எக்ஸ்.இசட். என்று ஒரு மென்பொருள். பெரிய கோப்புகளைச் சுருக்கிச் சிறிதாக்கும் வேலை அதற்கு. பார்க்கப்போனால் ஒரு சாதாரணக் கருவிதான். ஆனால் லினக்ஸ் இயங்குதளம் ஓடுகிற கணினிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அது உண்டு. பின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின் என்பவர் அதைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வந்தார். சம்பளம் கிடையாது. உதவிக்கு ஆளும் கிடையாது.

2021ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து சேர்ந்தார். அடக்கமானவர், உழைப்பாளி. திருத்தங்களை எழுதி அனுப்பினார். கோபமே வராது. எந்தப் பராமரிப்பாளரும் கும்பிட்டு வரவேற்கும் ஆள்.

மறு ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் வேறு சில பெயர்கள் தலைகாட்டத் தொடங்கின. ஜிகர் குமார் என்று ஒருவர், டென்னிஸ் என்ஸ் என்று ஒருவர். இவர்கள் நிரல் எதையும் எழுதவில்லை. காலினை இடித்துரைப்பது மட்டுமே வேலை. திருத்தங்கள் ஏன் இன்னும் சேர்க்கப்படவில்லை? இவ்வளவு மெதுவாக வேலை செய்தால் எப்படி? உங்களுக்கு ஆர்வம் போய்விட்டது, வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாமே? இந்தத் தோரணையில் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் காலின் பதில் எழுதினார். ஆர்வம் போகவில்லை, ஆனால் நெடுநாளைய மனநலப் பிரச்சினைகளாலும் வேறு காரணங்களாலும் முன்போல் கவனிக்க முடியவில்லை, இது ஊதியமில்லாத பொழுதுபோக்குப் பணி என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்பது அந்தப் பதிலின் சாரம். ஜியா டான் இனி அதிகப் பொறுப்பு ஏற்கக்கூடும் என்றும் அதில் குறிப்பிட்டிருந்தார்.

ஒரு மனிதர் தம் மனநலத்தைப் பற்றிப் பொதுவில் எழுதுவது எவ்வளவு சிரமம் என்று சொல்லத் தேவையில்லை. அதற்கும் இரக்கம் கிடைக்கவில்லை. அப்படியானால் பொறுப்பைப் பிறரிடம் கொடுங்கள் என்ற நெருக்குதல்தான் தொடர்ந்தது. கடைசியில் ஜியா டான் இணைப் பராமரிப்பாளர் ஆனார்.

2024ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளிவந்த 5.6.0, 5.6.1 என்ற பதிப்புகளில் அவர் ஒரு கள்ளவாசலை வைத்தார். அதற்கான சாவி கையில் இருப்பவர், தொலைவில் இருந்தபடியே அந்தக் கணினிக்குள் நுழைந்து நினைத்ததைச் செய்யலாம். ஆபத்தின் அளவு பத்துக்குப் பத்து என்று மதிப்பிடப்பட்டது. லினக்ஸின் சில சோதனைப் பதிப்புகளில் அது நுழைந்தும் விட்டது. இன்னும் சில வாரங்கள் போயிருந்தால் உலகம் முழுவதும் இருக்கிற சர்வர்களுக்குப் பரவியிருக்கும்.

காப்பாற்றியவர் ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர். மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் வேலை செய்கிறவர். வேறு எதையோ சோதித்துக் கொண்டிருந்தபோது, கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாகிறதே என்று கவனித்தார். அரை நொடி! நம்மில் யாராவது அதைக் கண்டுகொள்வோமா? அவர் விடாமல் தோண்டிப் பார்த்தார், குட்டு வெளிப்பட்டது.

ஜிகர் குமார் என்ற பெயரைப் பார்த்து நம்மவரோ என்று எண்ண வேண்டாம். அந்தப் பெயர்களில் எல்லாம் உண்மையான மனிதர்களே இல்லை, நெருக்குதல் கொடுப்பதற்காகவே உருவாக்கப்பட்ட பொய்க் கணக்குகள் என்றுதான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஜியா டானும் அப்படியே. ஓரிடத்தில் அவர் பெயர் ஜியா சியோங் டான் என்று இருந்தது. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் தெருவுக்கு ஒருவர் இருக்கக்கூடிய பெயர். அவர் நிரலில் பதிவான நேரமும் பெரும்பாலும் நம் நாட்டு நேரத்தை ஒட்டியே இருந்தது. ஆனால் சில பதிவுகளில் கிழக்கு ஐரோப்பிய நேரம் எட்டிப் பார்த்தது. பெயரும் நேரமும் வேஷமாக இருக்கலாம். ஆள் யார் என்பது பொதுவில் நிரூபிக்கப்படவே இல்லை.

இதை ஓர் உளவுக் கதையாகத்தான் பத்திரிகைகள் எழுதின. கள்ளவாசல் எப்படி ஒளித்து வைக்கப்பட்டது, எந்த நாட்டின் கைவரிசை என்றெல்லாம் பக்கம் பக்கமாக வந்தன. ஆனால் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தச் சதிகாரர்கள் பூட்டை உடைக்கவில்லை. பூட்டுக்குக் காவல் இருந்தவரைச் சோர்வடையச் செய்தார்கள். அதற்கு அவர்கள் புதிதாக எந்தத் தந்திரத்தையும் கண்டுபிடிக்கவில்லை. பராமரிப்பாளர்களிடம் பயனீட்டாளர்கள் அன்றாடம் எப்படிப் பேசுகிறார்களோ அதையே நகல் எடுத்தார்கள். அந்தக் கடிதங்களைப் படித்தபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லையே, ஏன்? மரியாதைக் குறைவு அங்கே அவ்வளவு சர்வசாதாரணம். எல்லாரும் பண்போடு பேசுகிற இடமாக இருந்திருந்தால் அந்த இரண்டு குரல்கள் தனியாகத் தெரிந்திருக்கும்.

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பு, 2014ஆம் ஆண்டு ஏப்ரலில், ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிப்பட்டது. இணையத்தில் கடவுச்சொல்லையும் வங்கி விவரத்தையும் மறைத்து அனுப்ப உதவும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற மென்பொருளில் இருந்த பிழை அது. ஏறக்குறைய 5 லட்சம் பாதுகாப்பான அகப்பக்கங்கள் பாதிக்கப்படலாம் என்று அப்போது கணக்கிடப்பட்டது. பெரிய பெரிய நிறுவனங்கள் அந்த மென்பொருளை நம்பிக் கோடிக்கணக்கில் வணிகம் செய்துவந்தன. அதற்கு வந்த நன்கொடையோ ஆண்டுக்குச் சுமார் 2,000 அமெரிக்க வெள்ளி. முழுநேரமாக உழைத்தவர் ஒரே ஒருவர். ஓட்டை தெரிந்த பிறகுதான் லினக்ஸ் அறநிறுவனத்தின் முயற்சியில் பெரிய நிறுவனங்கள் பணப்பையைத் திறந்தன. இங்கே யாரும் யாரையும் திட்டவில்லை, உண்மைதான். ஆனால் கண்டுகொள்ளாமல் விடுவதும் ஒருவகை நடத்தைதானே?

அமெரிக்காவின் டைட்லிப்ட் நிறுவனம் 2024இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், பராமரிப்பாளர்களில் 60 விழுக்காட்டினர் ஊதியமின்றி உழைப்பதாகத் தெரிந்தது. வேலையை விட்டுவிட்டேன் அல்லது விட எண்ணினேன் என்று சொன்னவர்களும் ஏறக்குறைய அதே 60 விழுக்காடு.

சுவீடன் நாட்டு டேனியல் ஸ்டென்பெர்க் கதையில் சிரிப்பும் உண்டு, வேதனையும் உண்டு. இவர் உருவாக்கிய கர்ல் என்ற மென்பொருள், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தரவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. 1998 முதல் அந்தப் பெயரில் இருக்கிறது. கைத்தொலைபேசி, கார், தொலைக்காட்சிப் பெட்டி எல்லாவற்றிலும் அது உண்டு. 2021ஆம் ஆண்டு முகமறியாத ஒருவர் அவரைக் கொன்றுவிடுவதாக மிரட்டி மின்னஞ்சல் அனுப்பினார். தம் சொந்த வாழ்க்கையில் ஏற்பட்ட நஷ்டங்களுக்கு, கருவிக்குள் பெயர் எழுதியிருந்த இந்த மனிதர்தான் காரணம் என்று அவருக்குக் கோபம்!

மறு ஆண்டு ஜனவரியில் உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம். லாக்ஃபோர்ஜே என்ற இன்னொரு மென்பொருளில் 2021 டிசம்பரில் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டிருந்த சமயம் அது. உங்கள் தயாரிப்பில் அது இருக்கிறதா, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள், 24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டும் என்று கேள்விப் பட்டியல். கர்லில் அது கிடையவே கிடையாது. அந்த நிறுவனம் அவருக்கு ஒரு காசு கொடுத்ததும் கிடையாது. ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் மகிழ்ச்சியோடு பதில் சொல்கிறேன் என்று அவர் எழுதினார். வந்த மறுமொழியில் அவரை டேவிட் என்று அழைத்திருந்தார்கள். பெயரைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

இப்போது புதுத் தொல்லை ஒன்று சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டு, இல்லாத ஓட்டையை இருப்பதாக எழுதி அனுப்புகிறார்கள். ஓட்டையைக் கண்டுபிடித்தால் பரிசுப் பணம் என்று கர்ல் திட்டம் 2019 முதல் வழங்கிவந்தது. பொய்க் கடிதங்களைப் படித்துப் படித்தே ஆட்கள் ஓய்ந்துபோனதால் 2026 ஜனவரியோடு அந்தப் பரிசுத் திட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. உண்மையான ஓட்டையைக் கண்டுபிடிக்கிறவருக்கும் இதனால் இழப்புத்தான்.

சரி, பராமரிப்பாளர்கள் எல்லாரும் பால்வடியும் முகங்களா? இல்லை. வாங்கிய இடத்தில் மட்டுமல்ல, கொடுத்த இடத்திலும் குற்றம் உண்டு.

லினக்ஸை 1991இல் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கோபம் உலகப் பிரசித்தம். தரம் குறைந்த நிரலை அனுப்பியவர்களை அவர் கிழித்துத் தொங்கப்போட்ட கடிதங்களை ரசித்துப் படித்தவர்களும் உண்டு. திறமை இருந்தால் தாங்கிக்கொள்வான், தாங்க முடியாதவன் போகட்டும் என்பது அங்கே பல காலம் எழுதப்படாத சட்டம். போனவர்கள் எல்லாம் திறமையற்றவர்கள் என்று யார் கண்டது? தடித்த தோல் வேறு, நல்ல மூளை வேறு. 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் தாமே முன்வந்து, பிறர் மனம் புண்படும்படி நடந்துகொண்டதற்கு மன்னிப்புக் கேட்டார். சில வாரங்கள் ஒதுங்கியிருந்து உதவி பெறப்போவதாகச் சொன்னார். அதே சமயத்தில் ஒரு நடத்தை நெறிமுறையும் ஏற்கப்பட்டது. அவர் மன்னிப்புக் கேட்டதைக் கோழைத்தனம் என்று ஏளனம் செய்தவர்களும் இருந்தார்கள். அவர் அக்டோபரில் திரும்பி வந்தார். லினக்ஸ் கெட்டுப் போய்விடவில்லை, இன்னும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

எதிர்ப்பக்கமாக இன்னொரு சம்பவம். ஆக்டிக்ஸ் என்ற மென்பொருளை எழுதிய நிக்கோலாய் கிம், 2020 ஜனவரியில் எல்லாவற்றையும் மூடிவிட்டு வெளியேறினார். அவருடைய நிரலில் பாதுகாப்புக் குறைபாடு இருப்பதாகச் சிலர் சுட்டிக்காட்டியது நியாயமான விமர்சனம். அவர் அதை அலட்சியமாகத் தள்ளியதும் உண்மை. பிறகு இணையத்தில் ஊரே கூடி அவர்மேல் பாய்ந்தது. கடைசியில் அவர் மனம் கொஞ்சம் இளகி, பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்ததால் மென்பொருள் பிழைத்தது. இதில் யார் சரி, யார் தவறு என்று பட்டிமன்றம் நடத்தலாம். ஆனால் பிழையைத் திருத்துவதற்காகத் தொடங்கிய பேச்சு ஆளையே துரத்துவதில் முடிந்தது என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது.

புதியவர்களை விரட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மென்பொருளுக்கு வெளியிலும் கணக்கு இருக்கிறது. ஆங்கில விக்கிப்பீடியாவில் சுறுசுறுப்பாக எழுதும் தொகுப்பாளர்கள் 2007ஆம் ஆண்டில் ஏறக்குறைய 51,000 பேர். 2013இல் அது 31,000 ஆகக் குறைந்தது. ஆராய்ந்து பார்த்தவர்கள் கண்ட முக்கியக் காரணங்களில் ஒன்று, நல்லெண்ணத்தோடு வந்து முதல் திருத்தத்தைச் செய்தவரின் வேலையை, ஒரு வார்த்தைகூடப் பேசாமல், தானியங்கிக் கருவிகளால் அழித்துத் தள்ளியதுதான். புதியவர்களைக் கடிக்காதீர்கள் என்று விக்கிப்பீடியாவிலேயே ஒரு வழிகாட்டுதல் இருக்கிறது என்பது வேடிக்கை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். தமிழைக் கணினியில் ஏற்றிய கதை பெரும்பாலும் தொண்டூழியர்களின் கதை. நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு மென்பொருளை நேயர்கள் அறிவார்கள். அது திறந்த மூலம் அல்ல, வேறு வழியில் வளர்ந்தது. ஆனால் அவரும் சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கல்யாணசுந்தரமும் இன்னும் பலரும் 1990களின் பிற்பகுதியில் நாடு கடந்து பேசிப் பேசி உருவாக்கிய டிஸ்கி என்ற எழுத்துக் குறியேற்றம், சம்பளம் வாங்கிச் செய்த வேலை அல்ல. தமிழா குழுவின் முகுந்த் எ-கலப்பை என்ற தட்டச்சுக் கருவியைக் கொடுத்தார். அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி தேனீ என்ற எழுத்துருவை உருவாக்கி யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டு, 2006ஆம் ஆண்டு மறைந்தார். அந்த எழுத்துருவில் வாசித்த எத்தனையோ ஆயிரம் பேருக்கு அவர் பெயர் தெரியாது. முத்தையா அண்ணாமலையும் நண்பர்களும் எழுதிய ஓப்பன் தமிழ், 2012இல் சீனிவாசன் முதலியோர் தொடங்கிய கணியம் இதழ் என்று இந்த வரிசை நீளும்.

நீளும் என்று சொல்லிவிட்டாலும் பட்டியல் உண்மையில் சிறியது. இதுதான் நம் பிரச்சினை. ஆங்கில மென்பொருளில் ஒருவர் மனம் வெறுத்துப் போனால் அவர் இடத்துக்குப் பத்துப் பேர் வரக்கூடும். தமிழில் சொற்பிழை திருத்தும் கருவியை எழுதுகிறவர் போய்விட்டால் அந்தக் கருவி அதோடு நின்றுவிடும். அடுத்தவர் மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். நம் எழுத்துருக்களிலும் அகராதிகளிலும் பாதியில் நின்ற வேலைகள் எத்தனை!

நம் சச்சரவுகளும் லேசுப்பட்டவை அல்ல. 1999ஆம் ஆண்டு சென்னை மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியேற்றங்களை ஏற்றது. டிஸ்கி அணியினர் தங்கள் வழியில் போனார்கள். ஒரே எழுத்து, ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு விதமாகத் தெரிந்த காலம் அது. அந்தக் கொதிப்பு அடங்காத 2001ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான் கோலாலம்பூரிலேயே தமிழ் இணைய மாநாடு நடந்தது. பிறகு எல்லாரும் ஒருங்குறிக்கு வந்து சேர்ந்தோம். 2010ஆம் ஆண்டின் இறுதியில், ஒருங்குறியில் கிரந்த எழுத்துகளைச் சேர்ப்பது பற்றி இன்னொரு புயல். மொழிக் கவலை நியாயமானது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் சொன்னார்கள். ஆனால் எழுத்தைப் பற்றிப் பேச வந்தவர்களில் சிலர், எழுதியவரின் குலம் கோத்திரத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். தமிழ்மேல் உள்ள பற்று, தமிழுக்கு உழைக்கிற இன்னொருவனை வைவதற்கு உரிமம் என்று நம்மில் சிலர் எண்ணுகிறோம். இந்த வியாதி தமிழ்க் கணினித் துறைக்கு மட்டும் உரியதல்ல. கோயில் நிர்வாகக் கூட்டங்களுக்குப் போய் வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஏன் மீண்டும் மீண்டும் இது நடக்கிறது? காசு கொடுத்து வாங்கிய பொருளானால் பயனீட்டாளர் விலையைப் பார்க்கிறார், ரசீதைப் பார்க்கிறார். இலவசப் பொருளில் அந்த அளவுகோல் இல்லை. கொடுத்தவர் தமக்குக் கடமைப்பட்டவர் என்ற எண்ணம் மெல்ல வந்துவிடுகிறது. தோட்டப்புறத்தில் கோத்தோங் ரோயோங் என்றால், மண்வெட்டி தூக்காதவன் வாய் திறக்க மாட்டான். திறந்தால் முதலில் மண்வெட்டியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். கணினியில் அந்த மண்வெட்டி கண்ணுக்குத் தெரிவதில்லை.

அப்படியானால் குறையே சொல்லக்கூடாதா என்று கேட்கலாம். தாராளமாகச் சொல்ல வேண்டும். குறை சொல்லாமல் எந்த மென்பொருளும் செம்மைப்படாது. எக்ஸ்.இசட். கள்ளவாசலைக் கண்டுபிடித்த பிராய்ண்ட் செய்ததும் குறை சொன்ன காரியம்தான். எந்தப் பதிப்பு, எந்தக் கணினி, எத்தனை நொடி, எங்கே சந்தேகம் என்று அடுக்கி எழுதினார். அதில் ஓர் ஏச்சுச் சொல் கிடையாது. இதையே நம் அளவில் பார்த்தால், தமிழ் எழுத்துரு ஒன்றில் கொம்பும் எழுத்தும் பிரிந்து தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். குப்பை எழுத்துரு, தமிழை அழிக்க வந்தது என்று எழுதினால் அதைக் கொண்டு எழுதியவர் என்ன செய்ய முடியும்? இந்தக் கைத்தொலைபேசியில், இந்தச் செயலியில், இந்தச் சொல்லைத் தட்டினால் இப்படித் தெரிகிறது என்று ஒரு படத்தோடு அனுப்பினால், அவருக்கு ஒரு மாத வேலை ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும்.

நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் 2005ஆம் ஆண்டில் செமினிக்கு வந்தது. ரிஞ்சிங், பெரானாங் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணினிப் படிப்பு இன்று எட்டாத ஊரில் இல்லை. அந்தப் பிள்ளைகளில் ஒருவர், தம் முதல் திருத்தத்தை எழுதி ஒரு தமிழ் மென்பொருளுக்கு அனுப்பும்போது என்ன பதில் வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பதிலே வராவிட்டால் அவர் ஒரு வாரம் பார்ப்பார், பிறகு விளையாட்டுப் பக்கம் போய்விடுவார். இதுகூடத் தெரியாதா என்று வந்தால் அன்றைக்கே போய்விடுவார். இந்த இடத்தைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள், நன்றி என்று இரண்டு வரி வந்தால், மூன்றாவது மாதம் அடுத்தவருடைய திருத்தத்தைச் சரிபார்க்கும் ஆளாக அவரே உட்கார்ந்திருப்பார்.

இதை நன்றாகச் செய்து காட்டியவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். 1998ஆம் ஆண்டு பொங்கல் அன்று தொடங்கியது மதுரைத் திட்டம். பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி, பிழை பார்த்து, இணையத்தில் இலவசமாகத் தரும் பணி. கல்யாணசுந்தரம் அதன் ஒருங்கிணைப்பாளர். பல நாடுகளில் இருந்து தொண்டூழியர்கள் வேலை செய்கிறார்கள். பெரும்பாலும் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தது கிடையாது. கால் நூற்றாண்டைத் தாண்டியும் அது நிற்கிறது. டிஸ்கியில் தொடங்கியது, இடையில் ஒருங்குறிக்கு மாறியது, ஆனால் நிற்கவில்லை. அதன் நூல்கள் எதையாவது திறந்து பாருங்கள். நூலின் முதல் வரிக்குப் போகும் முன்பே, இதைத் தட்டெழுதியவர் இன்னார், பிழை பார்த்தவர் இன்னார், அவர்களுக்கு நன்றி என்று பெயர் போட்டிருக்கும்.